பன்னிரண்டாவது இல்லை என்று எப்படித் தெரியும்?

வாசகர் கேள்விகளும் கணக்கு டீச்சர் பதில்களும்

சென்ற இதழில் ஒரு புதிர் கேட்டிருந்தேன். கனச்சதுரப் பெட்டி ஒன்றை விளிம்புகளில் வெட்டி, துண்டாகிவிடாமல் தரையில் விரித்தால் எத்தனை வடிவங்கள் கிடைக்கும் என்பது கேள்வி. விடையோடு நின்றுவிடாமல், "எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று எப்போது சொல்லலாம்?" என்ற பக்கமாகவே பலரும் போயிருக்கிறீர்கள். நாற்பது வருடமாக என்னை விடாத கேள்வி அது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அதற்கே.

9ஆம் வகுப்பு மாணவர், தேனி மாவட்டம்: நானும் தங்கையும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி 10 விரிப்புகள் கண்டுபிடித்தோம். படங்களை இணைத்திருக்கிறேன். பள்ளியில் 11 என்கிறார்கள். விட்டுப்போனது எது? 12ஆவது ஒன்று இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

தம்பி, கடைசி வரிக்காகவே உன் கடிதத்தை முதலில் எடுத்தேன். நான் பணியில் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு மாணவி இதையே கேட்டாள். பதினொரு படங்களையும் கரும்பலகையில் வரைந்து முடித்துக் கையில் இருந்த சாக்பொடியைத் தட்டிக்கொண்டிருந்தேன். "டீச்சர், பன்னிரண்டாவது இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒழுங்காகத் தேட ஒரு வழி. ஒவ்வொரு விரிப்பிலும் நேர்கோட்டில் நிற்கும் மிக நீளமான வரிசையைப் பார். ஐந்து கட்டம் நேராக இருக்க முடியாது. மடிக்கும்போது ஐந்தாவது கட்டம் முதலாவதன் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். நீள வரிசை நான்கு என்றால், மீதி இரண்டில் ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தாக வேண்டும். மேலே நான்கு இடம், கீழே நான்கு இடம். திருப்பியும் கவிழ்த்தும் ஒன்றாகிவிடுபவற்றை நீக்கினால் 6. நீள வரிசை மூன்று என்றால் 4. நீள வரிசை இரண்டுதான் என்றால் படிக்கட்டுப் போல இறங்கும் 1. ஆக 11.

இதில் 'நீக்கினால்' என்ற இடத்தில் கை தவறலாம். அதனால் அந்த மாணவிக்கு இன்னொரு வழியிலும் எண்ணிக் காட்டினேன். பெட்டிக்கு 12 விளிம்புகள். ஆறு முகங்களும் ஒன்றையொன்று விடாமல், அதே சமயம் தட்டையாக விரிய வேண்டுமானால், 5 விளிம்புகளைக் கீலாக விட்டு 7 விளிம்புகளை வெட்ட வேண்டும். 12இல் 5ஐத் தேர்ந்தெடுக்க 792 வழி உண்டு. அவற்றில் சிலவற்றில் கீல்கள் வளையமாக மூடிக்கொள்ளும். அப்போது வேறு எங்கோ ஒரு பகுதி கழன்று விழும். மூன்று முகங்கள் வளைந்து மூடுபவை 276, நான்கு முகங்கள் மூடுபவை 108, ஐந்து முகங்கள் மூடுபவை 24. மொத்தம் 408. அவற்றைக் கழித்தால், முழுதாக விரியும் வெட்டுகள் 384.

இனி உன் அட்டைகளுக்கு வா. ஒரு விரிப்பை எடுத்துப் பெட்டியின் மேல் 48 விதமாகச் சுற்றலாம். பெட்டியை 24 விதமாகத் திருப்பி வைக்கலாம். அட்டையைக் கவிழ்த்துப் போட்டால் இன்னொரு 24. சமச்சீர் இல்லாத விரிப்பு 48 வெவ்வேறு வெட்டுகளைத் தரும். பாதி சுற்றினாலோ கண்ணாடியில் பார்த்தாலோ மாறாத விரிப்பு 24 மட்டுமே தரும். நீ அனுப்பிய பத்தில் சமச்சீர் இல்லாதவை 5, உள்ளவை 5. 5 × 48 + 5 × 24 = 360. வர வேண்டியது 384. குறைவது சரியாக 24. ஆகவே உன்னிடமிருந்து தப்பியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் சமச்சீர் உள்ளது. படத்தைப் பார்க்காமலே இவ்வளவு சொல்ல முடிகிறது! மூன்று கட்டம் ஒரு வரிசை. அதன் கடைசிக் கட்டத்துக்கு நேர் கீழே தொடங்கி வலப்புறம் நீளும் இன்னொரு மூன்று கட்ட வரிசை. அதுதான் உன் பதினொன்றாவது. என் வகுப்புகளிலும் பிள்ளைகள் அதிகம் தவறவிட்டது இதையே. நாலு கட்டத் தண்டிலிருந்து தேடத் தொடங்கும் கண்ணுக்கு அது எளிதில் அகப்படாது.

பன்னிரண்டாவது ஒன்று இருந்திருந்தால் கணக்கு 384ஐத் தாண்டியிருக்கும். தங்கையிடம் சொல். பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட உருவத்துக்கு வந்தால் விரிப்புகள் 43,380. அதற்குக் கல்யாணப் பத்திரிகையும் கத்தரியும் போதாது.

டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி, ஓசூர்: நாலு பக்கக் கல், ஆறு பக்கக் கல் ஒட்டியிருக்கிறேன். ஐந்து பக்கக் கல் மட்டும் கடையில் வருவதே இல்லை. அதை ஒட்டவே முடியாதா?

ஐயா, ஐந்து பக்கமும் ஐந்து கோணமும் சமமான கல்லை இடைவெளி இல்லாமல் ஒட்ட முடியாது. அதன் ஒவ்வொரு மூலையும் 108 பாகை. மூன்று கல்லைச் சேர்த்தால் 324. 36 பாகை சந்து விழும். நான்காவது நுழையாது. ஆனால் பக்கங்கள் சமமாக இருக்க வேண்டாம் என்றால் தாராளமாக ஒட்டலாம். குழந்தைகள் வரையும் வீட்டுப் படம் போல, சதுரத்தின் மேல் கூரை வைத்த கல் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு வரிசையை நிமிர்த்தியும், அடுத்த வரிசையைக் கவிழ்த்துக் கூரைச் சந்துகளில் இறக்கியும் ஒட்டிப் பாருங்கள். கச்சிதமாக அமரும்.

இப்படித் தரையை நிரப்பக்கூடிய, எந்த மூலையும் உள்பக்கம் மடங்காத ஐங்கோணங்கள் மொத்தம் எத்தனை வகை? இந்த ஒரு கேள்விக்கு விடை வர 99 வருடம் ஆயிற்று. 1918இல் ஜெர்மனியின் கார்ல் ரைன்ஹார்ட் 5 வகைகளைக் கொடுத்தார். 1968இல் அமெரிக்கர் ரிச்சர்ட் கெர்ஷ்னர் மேலும் 3 சேர்த்து, இத்தோடு பட்டியல் முடிந்தது என்று அறிவித்தார். அறிஞர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1975 ஜூலையில் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் தாம் எழுதிவந்த கணிதப் பகுதியில் இந்த எட்டையும் விளக்கினார். அதைப் படித்த ரிச்சர்ட் ஜேம்ஸ் என்ற கணினி வல்லுநர் ஒன்பதாவதை வரைந்து அனுப்பிவிட்டார். முடிந்தது என்று ஏழு வருடமாக நம்பியிருந்த பட்டியல் முடிந்திருக்கவில்லை.

அடுத்து வந்தவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது. கலிஃபோர்னியாவில் மார்ஜரி ரைஸ் என்ற இல்லத்தரசி இருந்தார். பள்ளிக் கணிதத்துக்கு மேல் படித்தவர் இல்லை. மகனுக்காக வீட்டுக்கு வந்த இதழைத் தானும் படிப்பார். ஒன்பதாவது வகை கிடைத்த செய்தியைப் பார்த்ததும், இன்னும் இருக்குமோ என்று தேட உட்கார்ந்தார். கணிதக் குறியீடுகள் பழக்கமில்லாததால், எந்தக் கோணங்கள் ஓரிடத்தில் சேரலாம் என்பதைக் குறிக்கத் தமக்கென்று ஒரு குறியீட்டை அமைத்துக்கொண்டார். சமையலறை மேடையிலேயே வரைவார். யாராவது வந்தால் மூடி வைத்துவிடுவார். 1976 தொடங்கி 1977 முடிவதற்குள் நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். கார்ட்னர் அந்தக் கடிதங்களைக் கணிதப் பேராசிரியை டோரிஸ் ஷாட்ஷ்னைடருக்கு அனுப்ப, அவர் சரிபார்த்து உலகுக்குச் சொன்னார். வாஷிங்டனில் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்றின் தலைமையகத்தில், முன்கூடத்துத் தரை ரைஸின் வடிவத்தில் டைல்ஸ் பதிக்கப்பட்டது. ஐயா, உங்கள் தொழிலைச் செய்யும் ஒருவர்தான் அதையும் பதித்திருப்பார்.

14ஆவது 1985இல் வந்தது. 15ஆவதை 2015இல் அமெரிக்காவில் மூவர் கணினியின் உதவியோடு கண்டுபிடித்தார்கள். 2017இல் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த மிக்காயேல் ராவ் கதவைச் சாத்தினார்: 15தான், 16ஆவது இல்லை.

அவர் அதை எப்படிச் செய்தார் என்பதில்தான் என் மனம் நிற்கிறது. கல்லின் அளவுகளோ எண்ணற்றவை. ஒவ்வொன்றாக முயன்றால் முடிவே கிடையாது. ஆனால் ஒவ்வொரு கல்லும் தன் ஐந்து கோணங்களையும் ஒவ்வொரு முறை தருகிறது. அதனால் தரை முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஐந்து கோணங்களும் ஒரே அளவில் செலவாகியிருக்க வேண்டும். கற்கள் கூடும் இடங்களில் கூட்டுத்தொகை 360 அல்லது 180 வர வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளிலிருந்தே, கோணங்கள் கூடும் முறைகள் 371 தொகுப்புகளுக்குள் அடங்கிவிடும் என்று அவர் காட்டினார். பிறகு ஒவ்வொரு தொகுப்புக்கும் கணினி கல் கல்லாக வைத்துப் பார்த்தது. இடித்தால் கடைசியாக வைத்த கல்லை எடுத்துவிட்டு வேறு விதமாக வைத்தது. எல்லா வழியும் அடைபட்டபோது கையில் மிஞ்சியவை அந்தப் பதினைந்தும் அவற்றுக்குள் அடங்கும் சிறப்பு வடிவங்களும்தான். எண்ணற்றதை 371க்கு இறக்கியது மனிதரின் வேலை. அந்த 371ஐ அலுக்காமல் பார்த்தது இயந்திரத்தின் வேலை.

மார்ஜரி ரைஸ் 2017 ஜூலையில் காலமானார். ராவின் முடிவு வெளிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு வாசகர், ஈரோடு: இப்படிப் பட்டியல் போடுவதால் யாருக்கு என்ன பயன்?

வேதியியலாளருக்குப் பயன். 60 கரி அணுக்கள் ஐங்கோணங்களும் அறுகோணங்களுமாகச் சேர்ந்து மூடிய கூண்டாக அமைய 1,812 வழிகள் உண்டு. கணினி ஒன்று விடாமல் எழுதிய பட்டியல் அது. அவற்றில் எந்த இரண்டு ஐங்கோணமும் ஒட்டாமல் இருப்பது ஒரே ஒரு கூண்டு. பழைய கால்பந்தின் உருவம். 1985இல் கண்டறிந்து, 1996இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த மூலக்கூறு அதுதான். முழுப் பட்டியல் கையில் இருந்தால்தான் 'ஒரே ஒன்று' என்று சொல்ல முடியும்.

பொறியியல் கல்லூரி மாணவி, திருச்சி: குவிவுப் பலகோணத்தை ஒன்றையொன்று வெட்டாத மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரிக்கும் எல்லா வழிகளையும் எழுத ஒரு நிரல் செய்தேன். புதிதாக ஒன்று வந்தால், முன்பு வந்ததா என்று சேமித்த எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறேன். 18 பக்கம் வரை எப்படியோ வந்தது. 20 பக்கத்தில் நினைவகம் நிரம்பிக் கணினி நின்றுவிட்டது.

நிற்கத்தான் செய்யும், அம்மா. 18 பக்கத்துக்கு 3,53,57,670 வழிகள். 20 பக்கத்துக்கு 47,76,38,700. நாற்கோணத்துக்கு 2, ஐங்கோணத்துக்கு 5, அறுகோணத்துக்கு 14, பிறகு 42, 132 என்று ஏறும் இந்த எண்களைக் கணித மேதை ஆய்லர் 1751இலேயே எழுதிவைத்தார். உங்கள் நிரலில் குறை ஒன்றுதான். வந்தவர் எல்லாருடைய முகத்தையும் நினைவில் வைக்கப் பார்க்கிறது. அது தேவையில்லை.

டேவிட் ஏவிஸ், கொமெய் ஃபுகுடா என்ற இருவர் 1990களில் கொடுத்த 'தலைகீழ்த் தேடல்' முறையைப் படியுங்கள். அதன் உயிர் இதுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு பெற்றோரை விதியால் நிர்ணயித்துவிடு. உங்கள் பலகோணத்தில் முனைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். எல்லா மூலைவிட்டமும் 1ஆம் முனையிலிருந்தே விசிறி போலக் கிளம்பும் பிரிவை மூதாதை என்று வையுங்கள். வேறு எந்தப் பிரிவை எடுத்தாலும், 1ஆம் முனையைத் தொடும் முக்கோணங்களில் ஒன்றுக்காவது எதிர்ப்பக்கம் ஒரு மூலைவிட்டமாக இருக்கும். அப்படிப்பட்ட மூலைவிட்டங்களில் 2ஆம் முனையின் பக்கமிருந்து முதலில் வருவதை எடுத்து, அது நிற்கும் நாற்கோணத்துக்குள் மற்ற மூலைவிட்டமாக மாற்றிவிடுங்கள். 1ஆம் முனைக்கு ஒரு கோடு கூடிவிட்டது. இப்படிக் கிடைப்பதுதான் பெற்றோர். விதியில் இரண்டாவது விருப்பத்துக்கு இடமில்லை.

இப்போது மூதாதையிலிருந்து கீழே இறங்குங்கள். கையில் உள்ள பிரிவில் ஒரு மூலைவிட்டத்தை மாற்றுங்கள். புதிதாக வந்ததிடம், "உன் பெற்றோர் யார்?" என்று விதிப்படி கேளுங்கள். "நீதான்" என்றால் உள்ளே போங்கள்; வேறு யாரையாவது காட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள். அது தன் சொந்த வீட்டு வழியாக ஒருமுறை வந்தே தீரும். இரட்டிப்பு நேராது, விடுபடவும் செய்யாது. திரும்பி ஏறவும் அதே விதி போதும் என்பதால் எதையும் சேமிக்க வேண்டியதில்லை.

முதலில் அறுகோணத்துக்குக் கையால் செய்து பாருங்கள். மூதாதை 1, பிள்ளைகள் 3, பேரப்பிள்ளைகள் 5, கொள்ளுப்பேரர் 5. கூட்டினால் 14. ஒரு தாளில் இந்த வம்ச மரத்தை வரைந்து முடித்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகுதான் இதைக் கற்றேன். வகுப்பில் சொல்லிக்கொடுக்கக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் உண்டு. இருபது பக்கத்துக்கு நேரம் ஆகத்தான் செய்யும், நினைவகம் நிரம்பாது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: மார்கழிக்கு நோட்டு நிறையச் சிக்குக் கோலம் வரைந்து வைத்திருக்கிறேன். மூன்றுக்கு மூன்று புள்ளியில் வரக்கூடிய எல்லாக் கோலத்தையும் போட்டு முடிக்க முடியுமா?

முடியும் சகோதரி, ஆனால் முதலில் எதைக் கோலம் என்று சொல்கிறோம் என்பதை இறுக்கிக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிப் போகலாம். அல்லது வெட்டாமல் அவரவர் புள்ளியைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடலாம். இந்த இரண்டு மட்டும் என்று வைப்போம். ஒன்பது புள்ளிகளில் இப்படிப்பட்ட நடு இடங்கள் 12. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விருப்பம் என்றால் 4,096 கோலம். வாசலின் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றாகத் தெரிபவற்றை ஒன்றாகவே எண்ணினால் 570. ஒரு நாளைக்கு ஒன்று என்று போட்டால் ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேல்.

இவற்றில் எங்குமே வெட்டாதது ஒன்பது தனி வட்டங்கள். அதைக் கோலம் என்று உங்கள் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். கை எடுக்காமல் ஒரே இழையில் முடிபவற்றைத் தேடுவோம். முதலில் ஒன்பது வட்டங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியான இரண்டு இழைகளுக்கு நடுவே ஒரு வெட்டு வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே எட்டே வெட்டுகளில், எங்கும் வளையம் மூடாமல், ஒன்பது புள்ளிகளையும் இணைத்தால் கட்டாயம் ஒற்றை இழைதான். தேனித் தம்பியின் பெட்டிக் கீல்களை நினைத்துப் பாருங்கள், அதே நிபந்தனை. அப்படி இணைக்கும் வழிகள் 192. வளையம் மூடினாலும் சில சமயம் ஒற்றை இழையாகவே முடியும். அவை இந்த 192இல் சேராதவை.

உங்கள் நோட்டில் இருப்பதைக் கணினி அறிவியலும் கும்பிட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் கோலங்களை இலக்கண விதிகளால் பிறப்பிக்கும் முறையை 1974இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்களின் அறிவை உலக ஆய்விதழில் ஏற்றிய அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அந்த 192ஐ நோட்டில் வரையத் தொடங்குங்கள். திருப்பியும் கவிழ்த்தும் ஒன்றாகுபவற்றைச் சேர்த்தால் எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ணி எழுதுங்கள். ஒவ்வொரு கோலத்தின் கீழும் அது எத்தனை நிலைகளில் வருகிறது என்று குறித்து வாருங்கள். 8, 4, 2 என்றே வரும். எல்லாவற்றையும் கூட்டினால் 192 வர வேண்டும். வரவில்லை என்றால், எவ்வளவு குறைகிறது என்று மட்டும் எழுதுங்கள். விட்டுப்போன கோலத்தைச் சேர்ந்தே தேடுவோம்.